மேலே வெளிச்சம், கீழே துளை

பழைய சீன ஜாடி ஒன்றை வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, ஒயரை உள்ளே விட்டு, வாய்ப்பக்கம் ஒரு பல்பையும் அதற்கு மேல் ஒரு துணிக் கூட்டையும் மாட்டினால் மேஜை விளக்கு தயார்! லண்டன், நியூயார்க் மாதிரி ஊர்களில் இது நூறு ஆண்டுக்கும் மேலாக நடந்துவரும் அலங்காரம். உள் அலங்காரப் பத்திரிகைகளைப் புரட்டினால், சோபாவுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு ஜாடி விளக்குகள் நிற்கும் படம் அடிக்கடி கண்ணில் படும்.

இதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் உடனே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். ஒரு கட்சி, "பழம்பொருள் மேல் கை வைக்கவே கூடாது, கண்ணாடிப் பெட்டியில் வை" என்று சொல்லும். இன்னொரு கட்சி, "காசு கொடுத்து வாங்கியவன் பொருள், அவன் இஷ்டம்" என்று சொல்லும். இரண்டு பேச்சிலும் பாதி சரி, பாதி தப்பு. ஜாடியை விளக்காக்குவதில் தப்பே கிடையாது. தப்பு முழுக்க அந்தத் துளையில் இருக்கிறது. விளக்கும் துளையும் ஒன்றுதான் என்று இரண்டு தரப்பும் எடுத்துக்கொள்வதால்தான் இந்தச் சண்டை முடியவே மாட்டேன் என்கிறது.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், இது என்ன பொருள்?

சீனப் பாண்டம் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது வெள்ளையில் நீலப் பூப் போட்ட போர்சலின். இங்கே பேச்சு அதைப் பற்றி இல்லை. அதைவிட முரட்டுப் பொருளான ஸ்டோன்வேர் பற்றி. களிமண்ணை சுமார் 1200 முதல் 1300 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் அது கல் மாதிரி இறுகிவிடும். தண்ணீர் கசியாது. தட்டினால் 'கணீர்' என்று கேட்கும். அதன் மேல் பூசும் கிளேஸ் என்கிற பூச்சு அதே சூட்டில் உருகிக் கண்ணாடிப் படலமாக ஒட்டிக்கொள்ளும். பூச்சில் இருக்கும் இரும்பின் அளவையும், சூளைக்குள் காற்று எவ்வளவு போகிறது என்பதையும் பொறுத்துப் பழுப்பு, கறுப்பு, பச்சை என்று நிறம் மாறும். தமிழ்நாட்டு வீடுகளில் ஊறுகாய் போட்டு வைக்கும் மேல்பாதி பழுப்பு, கீழ்பாதி வெளுப்பு ஜாடியும் இதே இனம்தான். அது இந்தியாவிலேயே செய்தது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

தென்சீனாவில், முக்கியமாகக் குவாங்டாங் பகுதியில், மலைச்சரிவில் நீளமாகப் படுத்திருக்கும் 'டிராகன் சூளை'களில் இப்படிப்பட்ட ஜாடிகள் ஆயிரக்கணக்கில் வெந்தன. குவாங்டாங்கின் ஃபோஷான் நகரில் ஷிவான் என்ற இடத்தில் உள்ள நான்ஃபெங் சூளை மிங் காலத்தில், 1506-1521 ஆண்டுகளில் ஆண்ட ஜெங்தே அரசர் நாளில் கட்டியது. ஐந்நூறு ஆண்டுகளாக அங்கே வேலை நடக்கிறது!

அந்தக் காலத்து டப்பா

இந்த ஜாடிகளைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. இவற்றை யாரும் அழகுக்காகச் செய்யவில்லை. இவை சரக்கு அனுப்பும் கொள்கலன்கள். இன்றைக்கு எண்ணெய் டின், பிளாஸ்டிக் டிரம், அட்டைப்பெட்டி செய்கிற வேலையை அன்றைக்கு இவை செய்தன. விற்றது உள்ளே இருந்த சரக்கு. ஜாடி இலவச இணைப்பு மாதிரி.

14-ம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய இபின் பதூதா, 'மர்தபான்' என்ற பெரிய ஜாடிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் எல்லாம் உப்பில் ஊறப்போட்டுக் கடல் பயணத்துக்குக் கட்டிக் கொடுத்த ஜாடிகள் அவை. அதாவது, கப்பலில் போன ஊறுகாய்! மர்தபான் என்பது பர்மாவில் இருந்த துறைமுகத்தின் பெயர். சீன ஜாடிகளும் அந்த வழியாகப் போனதால் அவற்றுக்கும் அந்தத் துறைமுகத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது.

இன்னும் பழைய சான்று கடலுக்கு அடியில் கிடைத்தது. 1998-ல் இந்தோனேஷியாவின் பெலித்துங் தீவுக்குப் பக்கத்தில் மூழ்கிக் கிடந்த ஓர் அரபுக் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் இருந்த கிண்ணம் ஒன்றில் கி.பி. 826-க்குச் சமமான சீன ஆண்டு எழுதியிருந்தது. உள்ளே சுமார் 60,000 பொருள்கள். பெரும்பாலானவை சாங்ஷா என்ற ஊரின் ஸ்டோன்வேர் கிண்ணங்கள். அத்தனை கிண்ணங்களையும் உடையாமல் எப்படி அனுப்பினார்கள் தெரியுமா? பெரிய பச்சைப் பூச்சு ஜாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு ஜாடியில் நூறுக்கும் மேற்பட்ட கிண்ணங்கள். சிங்கப்பூரில் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இவற்றை நேரில் பார்க்கலாம்.

ஆகவே "ஜாடியின் புனிதமான அசல் பயன்பாட்டைக் கெடுக்கிறார்கள்" என்ற வாதம் எடுபடாது. அசல் பயன்பாடு பேக்கிங். சரக்கு இறங்கியதும் அந்த வேலை முடிந்தது.

வேலை மாறுவது ஜாடிக்குப் புதிது இல்லை

சரக்கு தீர்ந்த பிறகு இந்த ஜாடிகள் போன இடமெல்லாம் புது வேலை பார்த்திருக்கின்றன. போர்னியோ தீவின் தயாக் மக்களிடம் இவை குலச்சொத்து. அரிசிக் கள் ஊறியது இவற்றில். கல்யாணப் பரிசாகவும் அபராதமாகவும் கைமாறியது இவை. சில இனக்குழுக்களில் இறந்தவரின் எலும்பை வைத்ததும் இவற்றில்தான். ஜாடிக்குள் ஆவி குடியிருக்கிறது என்றும் நம்பினார்கள். பார்பரா ஹாரிசன் இதைப் பற்றி 'புசாகா' என்ற தலைப்பில் 1986-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். புசாகா என்றால் குலச்சொத்து.

ஜப்பான் கதை இன்னும் சுவாரசியம். 13 அல்லது 14-ம் நூற்றாண்டில் தென்சீனாவில் செய்த ஒரு சாதாரணப் பழுப்பு ஜாடி. உயரம் சுமார் 42 செ.மீ. தோள்பட்டையில் நாலு காது. ஜப்பானுக்குப் போனபோது அதில் என்ன சரக்கு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அங்கே அது தேயிலை வைக்கும் ஜாடி ஆனது. அதற்கு 'சிகுசா' என்று பெயர் வைத்தார்கள். பட்டுத் துணியில் மூடி, பட்டுக் கயிற்றில் முடிச்சு! 16-ம் நூற்றாண்டுத் தேநீர் ரசிகர்கள் தங்கள் குறிப்பேட்டில் அதைப் பார்த்த நாளையும், அதன் கிளேஸ் எப்படி வழிந்திருக்கிறது என்பதையும் எழுதி வைத்தார்கள். ஜாடியின் அடிப்பாகத்தில் மையால் போட்ட நாலு முத்திரைக் கையெழுத்துகள் இன்றும் இருக்கின்றன. 2009-ல் அமெரிக்காவின் ஃப்ரீயர் கலைக்கூடம் அதை வாங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? சிகுசா பிறக்கும்போது விசேஷமான ஜாடி இல்லை. கூடப் பிறந்த ஆயிரம் ஜாடிகளில் ஒன்று. அதைப் பெரிய ஜாடி ஆக்கியவை இரண்டே விஷயங்கள். ஒன்று, ஒவ்வொரு உரிமையாளரும் அதைப் பயன்படுத்தினார்கள், ஆனால் சேதப்படுத்தவில்லை. இரண்டு, ஒவ்வொருவரும் அதைப் பற்றி ஏதாவது எழுதி வைத்தார்கள். பயன்படுத்தினால் மதிப்புக் குறையும் என்பதற்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டுமா?

துளை எங்கிருந்து வந்தது?

சீனப் பாண்டங்களுக்கு உலோக அலங்காரம் பூட்டுவது ஐரோப்பாவில் பழைய பழக்கம். 18-ம் நூற்றாண்டுப் பாரிஸ் வியாபாரிகள், செலடன் என்கிற பச்சைப் பூச்சுக் குடுவைகளுக்குத் தங்க முலாம் பூசிய வெண்கலத்தில் பாதமும் கைப்பிடியும் பூட்டி விற்றார்கள். லசார் துவோ என்ற வியாபாரியின் 1748 முதல் 1758 வரையிலான கணக்குப் புத்தகம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. பாரிஸ் சீமாட்டிகளும் பிரபுக்களும் வாங்கிய பட்டியல் அது.

19-ம் நூற்றாண்டில் மண்ணெண்ணெய் விளக்கு வந்தது. அப்போதும் ஜாடிகள் விளக்காயின. ஆனால் ஒரு வித்தியாசம். எண்ணெய் வைக்கும் உலோகக் கிண்ணத்தை ஜாடியின் வாயில் இறக்கி வைத்தால் போதும். கிண்ணத்தை வெளியே எடுத்தால் ஜாடி பழையபடி ஜாடி. பிறகுதான் மின்சாரம் வந்தது. மின்சாரம் தனியாக வராது, ஒயரோடுதான் வரும். அந்த ஒயர் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அடியிலோ, அடிக்குச் சற்று மேலே பக்கவாட்டிலோ துளை போட ஆரம்பித்தார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் எட்வர்ட் ஃபார்மர் போன்ற வியாபாரிகள் சீனக் கலைப்பொருள்களைப் பட்டுக் கூடு போட்ட மின்விளக்குகளாக்கிப் பணக்கார வீடுகளுக்கு விற்றார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள். அப்படியே பரவிவிட்டது.

ஆக, துளைக்குக் காரணம் வெளிச்சம் இல்லை. ஒரு ஒயரை மறைக்க வேண்டும் என்ற ஆசைதான். ஐந்நூறு வருஷத்து ஜாடி, ஐந்து மில்லிமீட்டர் ஒயர். எது எதற்கு வழிவிட வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

வணிகவியல் முதலாண்டிலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம், பயன்பாட்டு மதிப்பு வேறு, பரிமாற்ற மதிப்பு வேறு. ஆடம் ஸ்மித் 1776-ல் தண்ணீரையும் வைரத்தையும் வைத்துச் சொன்ன விஷயம். தண்ணீர் இல்லாமல் வாழ முடியாது, ஆனால் விலை இல்லை. வைரத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை, விலையோ ஆகாயத்தில்.

ஒரே மாதிரி இரண்டு ஜாடிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'அ' ஜாடி துளை போடாமல் விளக்கானது. 'ஆ' ஜாடி துளை போட்டு விளக்கானது.

1. பயன்பாட்டு மதிப்பு: இரண்டும் சமம். இரண்டு விளக்கிலும் படிக்கலாம். துளை போட்டதால் 'ஆ' ஜாடி கூடுதலாக ஒரு துளி வெளிச்சமும் தரவில்லை.

2. பரிமாற்ற மதிப்பு: ஏல நிறுவனங்களின் பட்டியலில் பொருளின் நிலை என்று ஒரு குறிப்பு இருக்கும். 'ஆ' ஜாடிக்கு அங்கே "துளையிடப்பட்டது" என்று ஒரு வார்த்தை சேரும். வாங்குபவர் அதைப் படித்ததும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

3. நாளைய வாய்ப்பு: இதுதான் முக்கியம். ஜாடி விளக்கின் மோகம் பத்து வருஷத்தில் போய்விட்டால்? 'அ' ஜாடியின் வாயில் இருந்து ஹோல்டரை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றலாம், அரிசி கொட்டலாம், பூ வைக்கலாம், அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். 'ஆ' ஜாடியில் தண்ணீர் நிற்காது. அது ஆயுள் முழுக்க விளக்கு. இல்லாவிட்டால் ஓட்டை ஜாடி.

சாதாரணத் தேய்மானத்தை ஈடுகட்டலாம். ஒயர் பழுதானால் மாற்றலாம், கூடு கிழிந்தால் தைக்கலாம். துளையை அடைக்கலாமே தவிர இல்லாமல் செய்ய முடியாது. திரும்பப் பெறவே முடியாத முடிவை எடுக்கும் முன் அதனால் வரும் லாபம் பெரிதாக இருக்க வேண்டும் என்பது எந்த முதலீட்டுக்கும் பொருந்தும் விதி. இங்கே லாபம் என்ன? ஒரு ஒயர் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவுதான்!

சுங்க விதிகூட இதே வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சரக்கு வகைப்பாட்டில் 9706 என்ற தலைப்பு, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள்களுக்கானது. பழுது பார்த்த பொருளும் அதில் வரும், ஆனால் அசல் தன்மை மாறாமல் இருக்க வேண்டும். விளக்குகளுக்கு 9405 என்று தனித் தலைப்பு இருக்கிறது. துளை போட்டு, கம்பி பூட்டி, நிரந்தர விளக்காகவே மாறிவிட்ட ஜாடி எந்தத் தலைப்பில் வரும் என்ற கேள்வியை அதன் சொந்தக்காரரே வரவழைத்துக்கொள்கிறார்.

அடிப்பாகம்தான் ஜாடியின் அடையாள அட்டை

துளை போடுவது சும்மா ஒரு சின்ன ஓட்டை என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டோன்வேர் மிகக் கடினமானது. வைரத்தூள் பதித்த டிரில் வேண்டும், சூடாகாமல் இருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மெதுவாகப் போக வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் ஓடிவிடும்.

அதைவிடப் பெரிய நஷ்டம், துளை விழும் இடம். பழைய ஜாடியை எடுத்ததும் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள். பூச்சு படாத அடியில்தான் மண்ணின் உண்மையான நிறம் தெரியும். சக்கரத்தில் இருந்து அறுத்தெடுத்த தடம், சூளையில் ஒட்டிக்கொண்ட மணல், பழைய உரிமையாளர் மையால் எழுதிய குறி எல்லாம் அங்கேதான். சிகுசாவின் நாலு கையெழுத்துகளும் அடியில்தான் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். வழியில் யாரோ ஒருவர் அதை மின்விளக்காக்கியிருந்தால் டிரில் முதலில் இறங்கியிருக்கும் இடம் அதுதான்.

"விலை இல்லாத ஜாடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

நியாயமான கேள்வி. அரிய ஜாடியை யாரும் துளைக்கப்போவதில்லை. அதன் விலையே அதற்குக் காவல். துளை படுவதெல்லாம் மலிவான பழுப்பு ஜாடிகள்தானே? சந்தையில் ஏராளமாகக் கிடைக்கின்றனவே?

இதற்கு இரண்டு பதில்.

முதல் பதில், எது அரியது என்று இன்றைக்கு விலையை வைத்துச் சொல்ல முடியாது. 2007-ல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பம், வீட்டு வாசலில் நடந்த பழைய சாமான் விற்பனையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தை 3 டாலருக்கு வாங்கியது. வரவேற்பறையில் வைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது அது சுமார் ஆயிரம் வருஷம் பழமையான, சொங் காலத்து 'டிங்' கிண்ணம் என்று. 2013-ல் சோத்பி ஏலத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் போனது! 3 டாலர் கிண்ணம்தானே என்று யாராவது அதன் நடுவில் ஒரு ஓட்டை போட்டிருந்தால்?

இது லாட்டரிக் கதை, எல்லாருக்கும் நடக்காது என்பது உண்மை. அதனால் இரண்டாவது பதில்தான் முக்கியமானது. விலையே இல்லாத ஜாடிதான் சில சமயம் மிகப் பெரிய சாட்சி.

1865 முதல் 1869 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். சியரா நெவாடா மலையைக் குடைந்தவர்கள். இவர்களைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2012-ல் ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. எவ்வளவு தேடியும், அந்தத் தொழிலாளிகளில் ஒருவர் தன் கைப்பட எழுதிய கடிதமோ நாட்குறிப்போ கிடைக்கவில்லை. அவர்கள் தங்கிய முகாம்களைத் தோண்டினால் கிடைப்பது என்ன? பழுப்புப் பூச்சு ஸ்டோன்வேர் ஜாடிகளும் உடைந்த ஓடுகளும். சோயா சாஸ், சாராயம், உப்பிட்ட காய்கறி எல்லாம் சீனாவில் இருந்து அவர்களுக்கு வந்து சேர்ந்தது அவற்றில்தான். அவர்கள் என்ன தின்றார்கள், எங்கே தங்கினார்கள் என்று இன்றைக்கு அந்த ஜாடிகள்தான் சொல்கின்றன. எழுதத் தெரிந்தவர்களின் வரலாறு நூலகத்தில் இருக்கும். மற்றவர்களின் வரலாறு இப்படிப்பட்ட மலிவுச் சாமான்களில்தான் இருக்கும்.

அதே மாதிரி பழுப்பு ஜாடிகள்தான் "பழங்காலச் சீன ஜாடி விளக்கு" என்ற பெயரில் அதிகம் விற்பனைக்கு வருகின்றன. சந்தைக்கு இதில் அக்கறை இருக்காது. சந்தை, வாங்குபவர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையை மட்டும்தான் சொல்லும். வாய் பேசாத ஒரு தொழிலாளியின் ஒரே சாட்சிக்கு விலைப்பட்டியலில் இடம் கிடையாது.

"பாரிஸ்காரர்கள் துளைத்ததை மட்டும் கொண்டாடுகிறார்களே?"

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. 18-ம் நூற்றாண்டுப் பாரிஸ் கைவினைஞர்களும் சீனக் குடுவைகளின் கழுத்தை அறுத்தார்கள், துளைத்தார்கள். இன்றைக்கு அவை பெரிய அருங்காட்சியகங்களில் கௌரவமாக உட்கார்ந்திருக்கின்றன. அன்றைக்குச் சேதம், இன்றைக்குக் கலையா?

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அங்கே குடுவையோடு சேர்ந்தது அந்தக் காலத்தின் மிகச் சிறந்த வெண்கல வேலைப்பாடு. இரண்டு நாட்டுக் கைகள் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருளைப் பெற்றன. இன்றைய விளக்கில் ஜாடியோடு சேர்வது கடையில் கிடைக்கும் ஒரு பித்தளைக் குழாய், ஒரு ஹோல்டர், ஒரு பிளக். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போட முடியாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விளக்கு ஆனதால் தப்பித்த ஜாடிகளும் உண்டு. பரணில் கிடந்து உடைந்திருக்க வேண்டியது, மேஜை மேல் ஏறியதால் துடைத்து வைக்கப்பட்டுப் பிழைத்திருக்கிறது. பயன்படுகிற பொருளைத்தான் மனிதன் பாதுகாப்பான். அதனால்தான் விளக்கு வேண்டாம் என்ற கட்சியோடு சேர முடியவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பைத் தந்தது விளக்கு. துளைக்கு அதில் பங்கு இல்லை.

துளை இல்லாமல் விளக்கு

இது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. வழிகள் நிறைய இருக்கின்றன.

முதல் வழி, வாய் மூடி. ஜாடியின் வாய் அளவுக்கு மரத்திலோ உலோகத்திலோ ஒரு மூடி செய்து, உள்பக்கம் கம்பளித் துணியோ கார்க்கோ ஒட்டி உட்கார வைக்க வேண்டும். ஹோல்டர் மூடியின் மேல். ஒயர் ஹோல்டரின் பக்கவாட்டில் வெளியே வந்து ஜாடியின் பின்பக்கமாக இறங்கும். முன்னால் இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பழைய மண்ணெண்ணெய் விளக்கின் அதே தத்துவம்.

இரண்டாவது வழி, தாங்கி. ஒரு மரப் பீடம், பீடத்தின் பின்பக்கம் ஒரு மெல்லிய கம்பி. கம்பிதான் பல்பையும் கூட்டையும் சுமக்கிறது. ஜாடி பீடத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். வேண்டும்போது தூக்கி எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி, ஒயரே இல்லாத விளக்கு. இப்போது சார்ஜ் செய்து பயன்படுத்தும் எல்.இ.டி. விளக்குகள் எங்கும் கிடைக்கின்றன. பழைய குண்டு பல்பு வாங்கிய மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சூடாகவே வீணாக்கியது. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை இன்றைக்கு 8, 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும். சூடும் குறைவு, எடையும் குறைவு. எந்த ஒயரை மறைக்க இத்தனை ஜாடிகளைத் துளைத்தார்களோ, அந்த ஒயரே தேவையில்லாமல் போய்விட்டது!

ஜாடி கவிழாமல் இருக்க உள்ளே கனம் வேண்டுமென்றால், மணலைத் துணிப் பையில் கட்டிப் போட்டால் போதும்.

"இல்லை, எனக்கு ஒயரே தெரியாத சுத்தமான ஜாடி விளக்குத்தான் வேண்டும்" என்பவருக்கும் ஒரு வழி இருக்கிறது. புது ஜாடி வாங்கட்டும். ஷிவானிலும் ஜிங்தேஜென்னிலும் குயவர்கள் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். சூளைக்குப் போகும் முன், மண் ஈரமாக இருக்கும்போதே துளை வைத்துக் கொடுத்துவிடுவார்கள். விரிசல் பயம் இல்லை. பழைய ஜாடிக்குக் கொடுக்கும் காசு வியாபாரியிடம் போகிறது. புது ஜாடிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்காவது கைத்தொழில் செய்பவனுக்குப் போகும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியது

துளை இல்லாத ஜாடியாகவே இருந்தாலும் "எங்கிருந்து வந்தது?" என்று கேட்காமல் வாங்கக் கூடாது. 2007 முதல் சீனாவின் விதிப்படி, 1911-க்கு முற்பட்ட தொல்பொருள்களை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. அமெரிக்காவும் சீனாவும் 2009-ல் ஓர் ஒப்பந்தம் போட்டு, தாங் வம்சம் முடியும் (கி.பி. 907) வரையிலான தொல்லியல் பொருள்களை அமெரிக்காவுக்குள் கொண்டுவருவதற்குக் கட்டுப்பாடு விதித்தன. 2014, 2019, 2024 என்று அது நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆகவே "நேற்றுத்தான் சீனாவில் இருந்து வந்த முந்நூறு வருஷத்து ஜாடி" என்று ஒருவர் விற்றால், ஒன்று சட்டம் மீறப்பட்டிருக்கிறது, இல்லை ஜாடிக்கு முந்நூறு வயது ஆகவில்லை.

பழைய சேகரிப்பில் இருந்து நேர்மையாக வந்த ஜாடி என்றால் பில், பழைய உரிமையாளர், முன்பு எங்கே இருந்தது என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். இந்தத் தாளின் மதிப்பு என்ன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 13, 14-ம் நூற்றாண்டுச் சீனப் பாண்ட ஓடுகள் கிடைத்தன. எல்லாம் உடைசல்தான், காசு பெறாது. ஆனால் அவை எந்த ஊரில் கிடைத்தன என்று தெரிந்ததால், அந்தக் கடற்கரைக்கும் சீனாவுக்கும் நடந்த வியாபாரத்துக்கு அவை சாட்சி ஆகிவிட்டன. எங்கே கிடைத்தது என்று தெரியாத முழு ஜாடியைவிட, ஊர் தெரிந்த உடைந்த ஓடு அதிகம் பேசும்.

கடைசியாக

ஒரு ஸ்டோன்வேர் ஜாடி உடையாமல் இருந்தால் ஆயிரம் வருஷம்கூட இருக்கும். மனிதன் அதை வைத்திருக்கப்போவது முப்பது, நாற்பது வருஷம். காசு கொடுத்தவன் சொந்தக்காரன்தான், சந்தேகமில்லை. ஆனால் வரிசையில் அவன் கடைசிச் சொந்தக்காரன் இல்லை. முன்னால் வைத்திருந்தவர்களில் ஒருவன் அதில் ஊறுகாய் போட்டான், ஒருவன் கள் ஊற்றினான், ஒருவன் தேயிலை வைத்தான். அத்தனை பேரும் அடுத்தவன் என்ன வைப்பான் என்பதை அவன் விருப்பத்துக்கே விட்டுவிட்டுப் போனார்கள். விளக்கு ஏற்றுகிறவரும் அதையே செய்தால் போதும்.

ஜாடியின் மேல் விளக்கு எரியட்டும், ஒயர் பின்பக்கமாக இறங்கட்டும். டிரில் மட்டும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.